அப்பாவுக்கு நான் கொடுத்த மயக்கம்

காஞ்சிபுரத்தில் என்னை டாக்டர் என்று சொன்னவர்கள் குறைவு. 'மயக்கம் குடுக்குற அம்மா' என்றுதான் சொல்வார்கள். எழுபதுகளின் தொடக்கம் அது. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் மயக்க மருந்துக்கென்றே படித்துவிட்டு வந்தவள் நான் ஒருத்திதான். எனக்கு முன்னால் சர்ஜனே முதுகில் ஊசியைப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து வயிற்றையும் திறப்பார். நான் வந்த பிறகு அவர் நிம்மதியானார்.

கிழ உடம்பு எப்படிப்பட்டது என்பதைப் பிள்ளையார்பாளையத்து நெசவாளர்களிடம்தான் கற்றுக்கொண்டேன். நாற்பது வருஷம், ஐம்பது வருஷம் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுக் குனிந்தே இருந்த முதுகுகள். எலும்புக்கு எலும்பு ஒட்டிக்கொண்டு, ஊசி நுழைய இடமே இருக்காது. கையில் ரத்தக்குழாய் விரல் பட்டதும் நழுவும். இளம் வயதுக்காரருக்கு மருந்தை ஏற்றினால் இருபது எண்ணுவதற்குள் கண் சொருகிவிடும். எழுபதைத் தாண்டியவருக்கு அதே மருந்து மெல்லத்தான் போய்ச் சேரும். சேரவில்லையே என்று அவசரப்பட்டு இன்னும் கொஞ்சம் ஏற்றினால் இரண்டும் சேர்ந்து ஒரேயடியாக வந்து இறங்கும், ரத்த அழுத்தம் விழுந்துவிடும். அதனால் பாதிதான் கொடுப்பேன். கொடுத்துவிட்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். வயதான உடம்பில் தண்ணீர் குறைவு, அது இன்னும் கொஞ்சம் வற்றினாலும் தாங்காது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஜைனக் குடும்பம். அப்பா நிலக்கடலையும் நெல்லும் பயிரிட்டவர். ஏர் ஓட்டும்போது மண்புழு மேலே வந்தால் மாட்டை நிறுத்திவிட்டு அதைக் கையால் எடுத்து வரப்பில் விடுவார். பட்டுப் புடவைக்குப் பேர்போன ஊரில் மகள் வேலை பார்க்கிறாள் என்பதில் அவருக்குக் கொஞ்சம் சங்கடம் உண்டு. சின்ன காஞ்சிபுரத்தில் நான் குடியிருந்த வீட்டின் முன்கட்டில் வீட்டுக்காரர் தறி போட்டிருந்தார். என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் அப்பா அந்தத் தறியைத் தாண்டும்போது பேச்சை நிறுத்திக்கொள்வார். ஒரு புடவைக்கு எத்தனை பட்டுப்பூச்சி சாகும் என்று அம்மாவிடம் மட்டும் மெதுவாகக் கேட்டாராம்.

பொழுது சாய்ந்த பிறகு அவர் சாப்பிட மாட்டார், ஒரு வாய்த் தண்ணீரும் குடிக்க மாட்டார். விளக்கைத் தேடி வந்து விழுகிற பூச்சி தெரியாமல் வாய்க்குள் போய்விடக் கூடாது என்பதற்காக அவருடைய தாத்தா காலத்திலிருந்து வருகிற வழக்கம். மறுநாள் சூரியன் நன்றாக மேலே வந்த பிறகுதான் துணியில் வடிகட்டிய தண்ணீரைக் குடிப்பார். காய்ச்சல் வந்தாலும் இதில் மாற்றம் இல்லை. படிக்கிற நாளில் விடுமுறைக்கு ஊருக்குப் போனால் நானும் அப்படித்தான் இருந்தேன். காஞ்சிபுரத்தில் ஆஸ்பத்திரி வேலைக்கு நேரம் காலம் ஏது? கைவிட்டுவிட்டேன். அவருக்கு அது தெரியும். ஒரு நாளும் கேட்டதில்லை.

அவருக்குக் குடல் இறக்கம் இருந்தது. பத்து வருஷமாக வேட்டிக்குள் ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எங்களிடம் மறைத்திருக்கிறார். ஒரு நாள் கடலைக் கொல்லையில் இறங்கிய குடல் மறுபடி ஏறவில்லை. வலியில் சுருண்டு கிடந்தவரை மாட்டு வண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். வழியில் அது தானாக உள்ளே போய்விட்டது. செய்தி எனக்கு இரண்டு நாள் கழித்து வந்தது. ஓடினேன். அப்பா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த தடவை ஏறாமல் போனால் குடல் அழுகிவிடும், உயிருக்கே ஆபத்து என்று சொன்னேன். எழுபத்திரண்டு வயசுக்கு மேல கத்தி எதுக்கு என்றார். நான் விடவில்லை. மூன்று வாரம், வாரத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போய் வாதாடினேன். கடைசியில், "வேற யாரும் மயக்கம் குடுக்கக் கூடாது, நீயே குடுக்கறதுன்னா வரேன்" என்றார். சொந்த மனிதர்களுக்கு மயக்கம் கொடுக்கக் கூடாது என்று எங்களுக்குள் எழுதாத ஒரு கட்டுப்பாடு உண்டு. மெட்ராஸுக்குப் போகலாம், அங்கே என்னைவிட அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள் என்றேன். அதற்கு மட்டும் அவர் அசையவில்லை. இப்படித்தான் நான் ஒப்புக்கொண்டேன்.

வைகாசி மாதம். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. முதல் நாள் மதியம் அம்மாவும் அப்பாவும் வந்து வார்டில் சேர்ந்தார்கள். இதயத் துடிப்பையும் நெஞ்சையும் பார்த்தேன். வயதுக்கு நன்றாகவே இருந்தார். நடு இரவுக்குப் பிறகு எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்று எல்லா நோயாளிகளுக்கும் எழுதுவது போல அவருடைய சீட்டிலும் எழுதினேன். காலை எட்டு மணிக்கு முதல் ஆபரேஷன் அவருக்குத்தான். எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

காலையில் ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போதே பிரசவ வார்டிலிருந்து ஆயா ஓடி வந்தாள். குழந்தை குறுக்கே கிடந்தது. உடனே வயிற்றைத் திறந்தாக வேண்டும். அப்பாவுக்காகத் தயார் செய்து வைத்திருந்த மேஜையில் அந்தப் பெண்ணைப் படுக்க வைத்தோம். அது முடிவதற்குள் மாடியிலிருந்து விழுந்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள், மண்ணீரல் கிழிந்து வயிறெல்லாம் ரத்தம். இருவரும் பிழைத்தார்கள். நடுவில் ஐந்து நிமிஷம் கிடைத்தபோது வார்டுக்கு ஓடிப்போய் அப்பாவைப் பார்த்தேன். மணி பதினொன்று இருக்கும். மின்விசிறி சூடான காற்றைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டிருந்தார்.

"நாக்கு ஒட்டுதுமா. ஒரு வாய் தண்ணி குடிக்கலாமா?"

"இப்ப குடிக்கக் கூடாதுப்பா. இன்னும் கொஞ்ச நேரம்தான்."

"சரி. நீ சொன்னா சரி."

பயத்தில் எல்லோருக்கும் நாக்கு வறளும். அவருக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். அந்த இடத்தில் மகளாக ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். நடு இரவு என்று நான் எழுதியது அவருக்குப் பொருந்தாது. அவருடைய இரவு மாலை ஆறு மணிக்கே தொடங்கிவிடும். முதல் நாள் ஐந்தரை மணிக்கு மோர் சாதம் சாப்பிட்டு, ஒரு செம்புத் தண்ணீர் குடித்ததோடு சரி. மேஜைக்கு அவரைக் கொண்டுவந்தபோது பகல் மணி ஒன்று. வைகாசி வெயிலில் பத்தொன்பது மணி நேரமாக அந்தக் கிழ உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. அம்மாவுக்கு அது விசேஷமாகத் தோன்றவில்லை, தினமும் பார்ப்பதுதானே. என்னிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்ற என்ன இருக்கிறது? எனக்குத்தான் தோன்றியிருக்க வேண்டும்.

அவரைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்து மடக்கச் சொன்னேன். அப்பாவின் வெற்று முதுகை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. தோல் எலும்பிலிருந்து விலகி மடிப்பு மடிப்பாக நகர்ந்தது. சதை என்று ஒன்றும் இல்லை. இந்த மனிதரா மூட்டை தூக்கியவர் என்று ஒரு கணம் கை நின்றது. இரண்டாவது முயற்சியில் ஊசி சரியான இடத்துக்குப் போயிற்று. தெளிந்த நீர் சொட்டியது. மருந்தைச் செலுத்தினேன், வழக்கம் போலக் குறைத்துத்தான்.

திருப்பிப் படுக்க வைத்த சில நிமிஷங்களில் கால் மரத்துவிட்டதா என்று கேட்டேன். மரத்துவிட்டது என்றார். சர்ஜன் கத்தி வைத்தார். அப்பா கொட்டாவி விட்டார். மறுபடி ஒரு கொட்டாவி. வாய் குமட்டுகிறது என்றார், அதற்குப் பிறகு ஏதோ முனகினார், வார்த்தை புரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. மணிக்கட்டில் நாடி நூல் போல இருந்தது. அழுத்தம் பார்க்கும் கருவியை அடித்து, ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். பாதரசம் கீழே கீழே வந்தது, சத்தமே கேட்கவில்லை.

சர்ஜனை நிறுத்தச் சொன்னேன். காலைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். சலைன் பாட்டிலை நர்ஸ் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தாள். அழுத்தத்தை ஏற்றுகிற ஊசியைப் போட்டேன், முகத்தில் ஆக்ஸிஜனை வைத்து அழுத்தினேன். அப்பாவின் கண் பாதி திறந்தபடி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாவது பாட்டில் பாதி போன பிறகு நாடி விரலில் முட்டியது. பிறகு சத்தம் கேட்டது. அந்த அறையில் எல்லோரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டோம். ஆபரேஷன் ஒழுங்காக முடிந்தது. அழுத்தம் விழுந்து கிடந்த நேரம் ஆறு நிமிஷம் என்று குறிப்பில் எழுதினேன். ஆறுதானா, அதற்கு மேலா என்று எனக்கு உண்மையில் தெரியாது. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அன்று மாலை அவர் கண் விழித்து அம்மாவைப் பார்த்து, கன்றுக்குட்டியைக் கட்டியாச்சா என்று கேட்டார். மறுநாள் முழுக்கப் போர்வையில் களை பறித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நூலாகப் பிடுங்கி வரப்பில் போடுவது போலக் கட்டிலுக்குக் கீழே போட்டார். கையில் இருந்த ஊசியை இரண்டு தடவை பிடுங்கினார். மூன்றாம் நாள் கட்டிலைவிட்டு இறங்கப் பார்த்ததால் கையைத் துணியால் கட்டினோம். துணியைக் கட்டியது நான்.

சர்ஜன் என்னைத் தனியே கூப்பிட்டார். வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு நாலைந்து நாள் இப்படிக் குழப்பம் இருக்கும், புது இடம், புது முகங்கள், வீட்டுக்குப் போனால் தெளிந்துவிடும் என்றார். அது பொய் இல்லை. நானே எத்தனையோ பேரின் பிள்ளைகளிடம் அதைச் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். புண் அழகாக ஆறியது. எட்டாம் நாள் தையலைப் பிரித்தோம்.

வீட்டுக்குப் போன பிறகு அவர் நிஜமாகவே அமைதியானார். மாட்டைத் தெரிந்தது, அம்மாவைத் தெரிந்தது, கொல்லைக்குப் போகிற வழியும் தெரிந்தது. இரண்டு வாரம் கழித்து நான் போனேன். வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து நின்று வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"வாங்கமா. வெயில்ல வந்துக்கினு... உக்காருங்க."

முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். அப்பா விளையாடுகிறவர் இல்லை என்பது அடுத்த நொடியே உறைத்தது. என்னை நீ என்று சொல்லாமல் அந்த வாய் பேசியதே கிடையாது. உள்ளே திரும்பி, ஆஸ்பத்திரியிலேருந்து டாக்டரம்மா வந்திருக்காங்க, மோர் கொண்டா என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உம் பொண்ணுதான் அது" என்றாள்.

அப்பா என்னைப் பார்த்து, அம்மாவுக்காக மன்னிப்புக் கேட்பது போலச் சிரித்தார். "எங்க பொண்ணு மெட்ராஸ்ல இருக்குதுமா. டாக்டருக்குப் படிக்குது."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனேன். அவர் ஒவ்வொரு வாரமும் என்னிடம் தன் மகளைப் பற்றிப் பேசினார். வயசுப் பெண்ணை ஆண்களோடு உட்கார்ந்து பிணத்தை அறுக்க அனுப்புகிறாயா என்று சொந்தக்காரர்கள் கேட்டதைச் சொன்னார். அது எனக்குத் தெரியும். தெரியாதவற்றையும் சொன்னார். என்னை ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பிய அன்று ரயிலில் ஏறாமல் எழும்பூர் பிளாட்பாரத்தில் மூன்று வண்டிகளை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாராம். பிள்ளை அங்கே பொழுது சாய்ந்து சாப்பிட வேண்டி வருமே, பசியோடு படுத்துவிடக் கூடாதே என்று கோயிலில் போய் எனக்காக அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாராம். இதையெல்லாம் அவர் என்னிடம் எந்தக் காலத்திலும் சொல்லியிருக்க மாட்டார். யாரோ ஒரு டாக்டரம்மாவிடம்தான் சொல்ல முடியும்.

"உங்களுக்கு அதைத் தெரியுமாமா? பாத்தீங்கன்னா சொல்லுங்க, அப்பா கேட்டாருன்னு."

"சொல்றேங்க" என்றேன். அப்பாவிடம் நான் 'ங்க' போட்டுப் பேசியதும் அதுதான் முதல் தடவை.

ஐப்பசி மழை தொடங்கியபோது இன்னொன்று வந்தது. சாயங்காலமானால் அவருக்கு இருப்பு கொள்ளவில்லை. சாப்பிட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, பொழுது போகிறதே, இன்னும் சோறு போடவில்லையே என்று பதறுவார். சாப்பிட்டாச்சு என்றால் நம்ப மாட்டார். அம்மா பாதிச் சோறு வைத்து இரண்டு தடவையாகப் போட்டுப் பார்த்தாள். சில நாள் அது பலித்தது. ஒரு ஞாயிறு மழையில் பஸ் கிடைக்காமல் நான் அங்கேயே தங்க நேர்ந்தது. விளக்கு ஏற்றியாகிவிட்டது. அப்பா சமையற்கட்டு வாசலில் வந்து உட்கார்ந்து பசிக்குது என்றார். இருட்டிவிட்டது என்பதே அவருக்குத் தெரியவில்லை. அம்மா சோற்றுப் பானைக்கு முன்னால் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். எழுபத்திரண்டு வருஷமாக ஒரு மனிதன் காப்பாற்றி வந்ததைத் தன் கையால் உடைக்க வேண்டும். அவர் மறுபடி பசிக்குது என்றார், குழந்தையைப் போல இல்லை, பந்தியில் உட்கார்ந்த விருந்தாளி கூச்சத்தோடு கேட்பது போல.

போடுமா என்றேன். அம்மா போட்டாள். அவர் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். அம்மா முந்தானையால் விளக்கைச் சுற்றிய பூச்சிகளை விரட்டிக்கொண்டே இருந்தாள். ஒன்று கூட இலையில் விழவிடவில்லை.

அவர் கையை அலம்பப் போனபோது அம்மா என்னிடம் கேட்டாள். அத்தனை மாதமாகக் கேட்காமல் வைத்திருந்தது.

"நீ குடுத்த மருந்துலதான் இப்படி ஆச்சாமா?"

தாகமா, அழுத்தம் விழுந்த அந்த நிமிஷங்களா, மருந்தா, அல்லது எனக்கும் தெரியாமல் முன்பே உள்ளே தொடங்கிவிட்ட மறதியா, எது என்று பிரித்துச் சொல்ல எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியாது. வயதான மூளை ஒரு அடியில் சாய்ந்துவிடலாம். அந்த அடி என் கையில் நடந்தது. இவ்வளவையும் சொல்லாமல், "இருக்கலாம்மா" என்று மட்டும் சொன்னேன். அம்மா தலையை ஆட்டினாள். நீ வேணும்னேவா செஞ்ச என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தேய்க்கப் போய்விட்டாள். கோபம் என்று சொல்ல முடியாது.

அப்பா அடுத்த வருஷம் ஆடி மாதம் வரை இருந்தார். நுரையீரலில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நான் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. கடைசி வாரம் பக்கத்தில் இருந்தேன். துணியைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் பிழிந்தேன். எந்த நேரம் கேட்டாலும் கொடுத்தேன். ஒரு நாள் என் கையைப் பிடித்து, நல்லா பாத்துக்கிறீங்கமா, உங்க அப்பா அம்மா குடுத்து வச்சவங்க என்றார். அதற்கு அடுத்த நாள் மதியம் போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுவாரமே வேலைக்குத் திரும்பினேன். வேறு என்ன செய்வது? அன்றிலிருந்து வயதான நோயாளி யார் வந்தாலும் கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தீர்கள் என்று நானே நேரில் போய்க் கேட்பேன். சீட்டில் எழுதியிருப்பதை நம்ப மாட்டேன். அவர்களுடைய ஆபரேஷன் தள்ளிப்போனால் பாட்டிலைத் தொங்கவிட்டுவிட்டுத்தான் அடுத்த கேஸுக்குப் போவேன். மயக்கம் தெளிந்த பிறகு மகனையோ மகளையோ பக்கத்தில் உட்கார வைத்து, நோயாளியை அவர்கள் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்வேன். ரொம்பப் படுத்துகிறாள் என்று நர்ஸுகள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

அம்மா என்னோடு காஞ்சிபுரத்துக்கு வந்து இருந்தாள். நாலைந்து வருஷத்தில் அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. அரிசியில் கல் பார்க்க முடியவில்லை, தெருவில் சைக்கிள் வருவது தெரியவில்லை. மிகச் சின்ன ஆபரேஷன், மயக்கமே தேவையில்லை, கண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் மரத்துப்போக ஊசி போடுவார்கள், விழித்துக்கொண்டே இருக்கலாம் என்று எத்தனையோ முறை சொன்னேன். படுக்கப் போகும் முன் தண்ணீர் குடிக்கலாம், காலையிலும் குடிக்கலாம் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். வேணாம்மா என்பாள். ஒரு நாள் நான் கோபத்தில், ஏன்தான் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறாய் என்று சத்தம் போட்டுவிட்டேன். அவள் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"கண்ணு தெரியலன்னா போகுது. நீ பேசினா நீதான்னு எனக்குத் தெரியுதே. அது போயிடுச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. பார்வை இல்லாமலே இன்னும் ஆறு வருஷம் இருந்தாள்.